பாரதி முகமூடிப் படங்களை மறுபடி மாட்ட இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள். பாரதியாரின் முகத்தை அட்டையில் ஒட்டி, மீன் இறக்குகிறவர்களுக்கும் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் மாட்டிவிட்டு ஒரு பையன் படம் எடுத்திருக்கிறான், இது மகாகவிக்கு இழுக்கு, இதற்கு ஒரு பள்ளி தன் அரங்கைக் கொடுத்ததே தவறு என்று அந்தப் பெரியவர் எழுதியிருந்தார். அவர் கடிதம் அச்சில் வருவதற்கு முன்பே படங்களை இறக்கியாகிவிட்டது. டிசம்பர் 11, பாரதி பிறந்தநாளன்று காலையில் திறந்த கண்காட்சி, மறுநாள் சாயங்காலம் போனவர்களுக்குப் பூட்டிய கதவுதான் இருந்தது. எந்தப் பள்ளி என்று நான் எழுதப் போவதில்லை. அவர்களுக்கும் நெருக்கடி வந்திருக்கும். ஆனால் நடந்தது சரியில்லை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பாம்பனில் படகுகளுக்குப் பெயரும் பதிவு எண்ணும் எழுதுகிறவன். பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் கடைப் பலகை, சுவர் விளம்பரம், திருவிழாத் தட்டி எல்லாம் எழுதியிருக்கிறேன். படம் எடுத்த இந்தத் தம்பி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என்னிடம் வந்து எனாமல் கலக்கவும் எழுத்துக்கு நூல் அடிக்கவும் கற்றுக்கொண்டவன், அதனால் அவன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் பிரியத்துக்காக மட்டும் எழுதவில்லை, படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சத்தம் போட்டவர்களில் பாதிப்பேர் செல்போனில் சுற்றிய ஒன்றிரண்டு படத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அந்த முகமூடி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலண்டரில் பார்க்கிற, கன்னம் பூரித்து, பொட்டு பளிச்சென்று இருக்கிற பாரதியை அவன் எடுக்கவில்லை. 1919-ல் பாரதி காரைக்குடிக்கு வந்தபோது அங்கே இந்து மதாபிமான சங்கத்தார் எடுத்து வைத்த புகைப்படத்திலிருந்து எடுத்தான். அப்போது காரைக்குடி நம்ம ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த ஊர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் பத்து வருஷம் ஒதுங்கியிருந்து, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகி, கடலூர்ச் சிறையில் சில வாரம் இருந்து, அப்புறம் கடையத்தில் மனைவியின் ஊரில் போய்த் தங்கியிருந்த சமயம் அது. தலைப்பாகை, கையில் தடி, இளைத்த உடம்பு. தம்பி அந்த முகத்தை ஆள் அளவுக்குப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, ஸ்வீட் பெட்டி அட்டையில் ஒட்டி, கண் இருக்கிற இடத்தில் பிளேடால் ஓட்டை போட்டு, காதுப் பக்கம் எலாஸ்டிக் கட்டினான். அவ்வளவுதான் செலவு. கடல் காற்றுக்கு அட்டை நமுத்துப்போய் மூக்குப் பக்கம் மடிந்திருப்பது சில படங்களில் தெரிகிறது, வேறு அட்டை மாற்றலாமே என்று கேட்டேன், வேண்டாம் அண்ணே, இருக்கட்டும் என்றான்.

அதிகமாகப் பேச்சு வாங்கியது பாசிக்கார அக்காவின் படம். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார்கள். பாறை கிழித்துவிடாமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றியிருப்பார்கள், காலில் நீந்துவதற்குத் தகடு கட்டுவார்கள், கண்ணுக்கு நீர்க் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வரவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை முங்கு என்று அவர்களே கணக்கு வைத்துக்கொள்வதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, அம்மா, அம்மம்மா காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்கே பயந்து பயந்து போகவேண்டிய நிலைமை வேறு. தம்பி எடுத்த படத்தில் அந்த அக்கா வேலை முடிந்து கரையேறி நிற்கிறார். முகத்தில் பாரதி. முகமூடியின் தலைப்பாகைக்கு மேலே நீர்க் கண்ணாடியை ஏற்றி விட்டிருக்கிறார். அட்டைக்குக் கீழே கழுத்தில் உப்பு பூத்திருக்கிறது. துணி சுற்றிய விரல்களால் பாசிப் பையைப் பிடித்திருக்கிறார், பையிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடி மணல் கறுத்திருக்கிறது. நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார்.

இந்தப் படத்தை யாரோ பாதியாக வெட்டி, மீசையும் சட்டையும் மட்டும் தெரியும்படி செல்போனில் அனுப்பிவிட்டார்கள். கடல் இல்லை, பை இல்லை, துணி சுற்றிய விரல் இல்லை. அதைப் பார்த்தால் யாருக்கும் கேலி மாதிரிதான் தோன்றும். பெண்ணுக்கு மீசை ஒட்டிக் கூத்து நடத்துகிறார்கள் என்று பெரியவர் எழுதியது அந்த வெட்டிய படத்தை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். முழுப் படத்தையும் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். பெண்களுக்காக ‘சக்கரவர்த்தினி’ என்ற மாதப் பத்திரிகையை நடத்தியவர் பாரதி. விவேகானந்தரின் சீடர் நிவேதிதாவைப் பார்க்கப் போனபோது, மனைவியை ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அவர் கேட்ட கேள்வியில் ஆடிப்போய், அவரையே குருவாக ஏற்றுக்கொண்டவர். பெண்கள் நிமிர்ந்து நடக்கவேண்டும், நேராகப் பார்க்கவேண்டும் என்று பாடியது யார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நிமிர்ந்து நிற்கிற ஒரு பெண்ணுக்கு அவர் முகத்தைக் கொடுத்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?

அடுத்த குற்றச்சாட்டு, கவிஞரின் பாட்டை எடுத்துக்கொள்ளாமல் அவருடைய வாழ்க்கையை எடுத்து வேஷம் கட்டுவது என்ன பழக்கம் என்பது. ஐயா, அந்தப் பழக்கம் பாரதியிடமே இருந்தது. எட்டயபுரத்தில் வாலிபராக இருந்த நாளில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் கவிதையில் மூழ்கி, நண்பர்களைச் சேர்த்து வைத்து வாசித்துக் காட்டி, ஷெல்லிதாசன் என்ற பெயரிலேயே எழுதினார். ஷெல்லி மரம், நிலா, வானம்பாடி என்று பாடிவிட்டுப் போன ஆள் மட்டும் கிடையாது. நாத்திகத்தைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதியதற்காக 1811-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அடுத்த வருஷம் அயர்லாந்துக்குப் போய், அங்கிருந்த மக்களின் உரிமைக்காகத் தானே பிரசுரம் அச்சடித்து விநியோகித்தார். இங்கிலாந்து திரும்பிய பிறகு பிரசுரங்களைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் மிதக்க விட்டார், எந்தக் கரையிலாவது யாராவது எடுத்துப் படிக்கட்டும் என்று. அவருடைய பிரசுரத்தைச் சுவரில் ஒட்டிய வேலைக்காரர் ஆறு மாதம் சிறைக்குப் போனார். 1822-ல், 30 வயது முடிவதற்குள், இத்தாலிக் கடலில் படகோடு முழுகிப் போனார் ஷெல்லி. வலையில் பாட்டில் சிக்கி வந்தால் இப்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம் படித்த ஒரு எட்டயபுரத்து வாலிபர் சமஸ்தான வேலையிலேயே காலத்தை ஓட்டிவிடுவாரா? 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதம் போலத் தமிழ் சொல்லிக் கொடுத்தார், பிறகு சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார், 1908-ல் ‘இந்தியா’ பத்திரிகைக்காரர்களை அரசாங்கம் பிடிக்க ஆரம்பித்ததும் புதுச்சேரிக்குப் போய்விட்டார். ஷெல்லிதான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதும் அவன் எழுதியதைப் போலவே இன்னொருவனைக் கிளப்பிவிடும். பாரதியைப் பார்த்துப் புதுச்சேரியில் ஒரு தமிழாசிரியர் பாரதிதாசன் ஆனது நாம் எல்லாரும் அறிந்தது. அணையாத அடுப்பிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் நெருப்பு வாங்கிக்கொண்டு போகிற காரியம்தான் இது, கொடுத்த வீட்டில் ஒன்றும் குறையாது.

வெளிநாட்டுக்காரனைப் பார்த்துக் காப்பியடித்தது என்றும் கடிதத்தில் இருந்தது. தம்பி இதை மறைக்கவே இல்லை, வாசலிலேயே எழுதி வைத்திருந்தான். நியூயார்க்கில் டேவிட் வொய்னரோவிச் என்று ஒரு கலைஞர் இருந்தார். வீட்டில் அடி, உதை, சின்ன வயதிலேயே தெரு வாழ்க்கை. அவர் 1978, 79-ல் ஆர்தர் ரைம்போ என்ற பிரெஞ்சுக் கவிஞரின் முகத்தை ஜெராக்ஸ் எடுத்து முகமூடியாக்கி, நண்பர்களுக்கு மாட்டி, நகரத்து ரயிலில், டீக்கடை மாதிரியான இடங்களில், பாழடைந்த துறைமுகக் கொட்டகைகளில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். ரைம்போ பிறந்தது 1854, வொய்னரோவிச் பிறந்தது 1954, சரியாக நூறு வருஷ இடைவெளி. ரைம்போ பதினைந்து, பதினாறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி ஓடிப் போனவர், இருபது வயதுக்குள் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, கவிதையையே விட்டுவிட்டு ஏடனுக்கும் ஹராருக்கும் காப்பிக்கொட்டை வியாபாரத்துக்குப் போனவர். இரண்டு பேரும் 37 வயதில் இறந்தார்கள், ரைம்போ ஒரு காலை இழந்து மார்செய் நகரத்தில், வொய்னரோவிச் 1992-ல் எய்ட்ஸ் நோயால்.

தம்பி செல்போனில் அந்தப் படங்களை எனக்குக் காட்டினான். முகமூடியின் முகம் எல்லாப் படத்திலும் ஒன்றே, சிரிப்பதில்லை, அழுவதில்லை, சுற்றியிருக்கிற இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. பார்த்துக்கொண்டே போனால் அந்த ஊரே ஒரு அந்நியனின் கண் வழியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. இன்னொன்றும் சொன்னான். வொய்னரோவிச்சின் ஓவியங்களிலிருந்து ஆபாசம் என்று தோன்றும் துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்து ஒரு அமைப்பு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் அனுப்பியதாம். அவர் 1990-ல் வழக்குப் போட்டார். வெட்டி எடுத்தது தவறு என்று தீர்ப்பு வந்தது, நஷ்ட ஈடு ஒரே ஒரு டாலர். பாசிக்கார அக்காவின் படத்தை நம் ஊரில் வெட்டி அனுப்பியபோது தம்பிக்கு அந்த வழக்குதான் மனதில் ஓடியிருக்கிறது. நான் அவனுக்கு ஆறுதல் சொல்லப் போனேன், அவன் எனக்குச் சொன்னான்.

சரி, அமெரிக்கா, பிரான்ஸ் எல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்டால், நம் கரையிலேயே பாருங்கள். தொண்டிப் பக்கம் குணங்குடியில் 1792-ல் பிறந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. கீழக்கரையில் மதரசாவில் படித்தவர். மாமன் மகளைக் கட்டி வைக்க வீட்டில் பேச்சு எடுத்தபோது வேண்டாம் என்று ஒதுங்கி, அப்புறம் ஊரை விட்டே கிளம்பி, திருப்பரங்குன்றம் மலையில் தனிமைத் தவம் இருந்து, கடைசியில் சென்னை ராயபுரத்தில் முள்ளும் புதரும் மண்டிய ஓர் இடத்தில் போய்த் தங்கினார். குப்பைமேட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த அவரை ஊரார் பைத்தியம் என்றார்கள். 1838-ல் அங்கேயே அடக்கமானார். அவருக்கு முன்னால் போனவர் யார்? தாயுமானவர். திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் கணக்கு வேலையில் உயர்ந்த இடத்தில் இருந்தவர், அதையெல்லாம் உதறிவிட்டுக் கிளம்பி நம்ம ராமநாதபுரத்தில் வந்து தங்கி, இங்கேயே லட்சுமிபுரத்தில் சமாதியானவர். அரசர் கொடுத்த சால்வையைக் குளிரில் நடுங்கிய ஏழைக் கிழவிக்குப் போர்த்திவிட்டு, அகிலாண்டேஸ்வரிக்குக் கொடுத்தேன் என்று சொன்னதாகக் கதை உண்டு. தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார், மஸ்தானும் பராபரக்கண்ணி பாடினார், இருவர் பாட்டும் பராபரமே என்றுதான் முடிகிறது. பாட்டின் மெட்டும் வாக்கும் மட்டுமா வந்தது? உத்தியோகம், சொத்து, சம்பந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடக்கிற அந்தத் தைரியமும் கூடவே வந்தது. ஒருவர் சைவர், ஒருவர் முஸ்லிம், மஸ்தான் நந்தீசுவரன் மேலும் மனோன்மணி மேலும் கண்ணி பாடியபோது யார் யார் முகம் சுளித்தார்களோ, இன்றைக்கு அவர் பாட்டை இரண்டு பக்கமும் பாடுகிறார்கள். மஸ்தான் மேல் நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர். இப்படி ஒரு கரையில் பிறந்துவிட்டு, முன்னால் வாழ்ந்த கவிஞனின் வாழ்க்கையை ஒரு பையன் எடுத்துக்கொண்டான் என்று கோபப்படுவது எனக்குப் புரியவே இல்லை.

பெரியவர் கடிதத்தில் எனக்கு உடன்பாடான ஒரு வரி உண்டு. வறுமையையும் தலைமறைவையும் பெரிதாகக் காட்டி, குடும்பத்தைக் கவனிக்காமல் திரிவதுதான் கவிஞன் வாழ்க்கை என்று இளைஞர்கள் நினைத்துவிடக் கூடாது என்கிறார். நியாயமான பயம். எங்கள் ஊரிலேயே அப்படித் திரிந்து வீணாய்ப் போன திறமைசாலிகளை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் அந்தக் கண்காட்சியிலேயே இருந்தது. நுழைந்ததும் இடது பக்கம் மூன்றாவது படம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

கருவாடு காயப்போடுகிற களத்தில் எடுத்திருக்கிறான். பாரதி முகமூடி போட்ட ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முறத்திலிருந்து அரிசியை அள்ளிக் காக்கைக்கும் குருவிக்கும் வீசுகிறார். புதுச்சேரியில் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்குப் போட்டுவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்லிச் சொல்லி நாம் நெகிழ்ந்து போகிறோம். தம்பி எடுத்த படத்தில் குருவி ஓரத்தில் மங்கலாக இருக்கிறது. முகமூடிக்காரரும் பாதிதான் தெரிகிறார். நடுவில், தெளிவாக, முகமூடி இல்லாமல் நிற்பது தம்பியின் அம்மா. ஒரு கையில் வெறும் உலைப் பானை. அவர் நடிக்கவில்லை, அப்படி நிற்கத் தெரிந்தவர் அவர், மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் வீட்டை ஓட்டிய அத்தனை பெண்களுக்கும் அந்த நிலை தெரியும். பாரதியின் மனைவி செல்லம்மாள் பின்னாளில் திருச்சி வானொலியில் பேசும்போது, உலகத்தோடு ஒட்டி வாழத் தெரியாத கணவரோடு குடும்பம் நடத்தியதைப் பற்றிச் சொன்னார். அந்தப் பேச்சைப் படித்துவிட்டுத்தான் இந்தப் படத்தை யோசித்தேன் என்றான் தம்பி. பாரதியின் மேல் பக்தி இருக்கிறவன் எடுத்த படம் அது, ஆனால் பக்தியில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இதைவிட நாணயமாக ஒரு கவிஞனின் வாழ்க்கையை எப்படி எடுத்துக்கொள்வது?

எல்லாப் படமும் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். தனுஷ்கோடியில் இடிந்த சர்ச்சுக்கு முன்னால் எடுத்தது எனக்கு ஒட்டவில்லை. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு மனிதர்கள் போன இடம் அது, அங்கே வருகிறவர் போகிறவர் எல்லாம் படம் எடுத்து எடுத்து அந்தச் சுவர் தேய்ந்துவிட்டது, அங்கே பாரதிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இதை அவனிடமே சொன்னேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கரிமூட்டத்துப் படமும் புகை அதிகமாகி ஆள் தெரியவில்லை. ஆனால் படகுத்துறைப் படம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் சிறையில் இருந்துவிட்டு வந்த ஒரு மீனவர், படகு திரும்பக் கிடைக்கவில்லை, ஆள் மட்டும் வந்தார். அவர் முகமூடியோடு காலி இடத்தைப் பார்த்து உட்கார்ந்து வலை பொத்துகிறார். பாரதியும் எல்லைக்கு அந்தப் பக்கம் பத்து வருஷம் இருந்தவர், இந்தப் பக்கம் வந்தால் பிடிப்பார்கள் என்று தெரிந்தே இருந்தவர், வந்ததும் பிடித்தார்கள். அந்த மீனவர் முகமூடியைப் போட்டுக்கொண்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்புறம், இவருக்கும் கரையில் ஆள் காத்துக்கிடந்திருக்கும் இல்லையா தம்பி என்று கேட்டாராம்.

அழுக்கான இடங்களில் மகாகவியை நிறுத்திவிட்டான் என்பதற்கு அதிகம் பதில் தேவையில்லை. மீன் ஏலக்கூடமும் பாசிக் கரையும் கரிமூட்டமும் நாங்கள் சோறு தின்கிற இடம். புதுச்சேரியில் தாழ்த்தப்பட்ட சமூகத்துக் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்டவர் பாரதி, அவருக்கு எந்த இடம் ஆகும் ஆகாது என்று நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை. ‘இந்தியா’வில் கேலிச்சித்திரம் போட்டுத் தமிழ்ப் பத்திரிகைக்கு அந்த வழியைத் திறந்தவரும் அவர்தான், சித்திரத்துக்கென்றே ‘சித்திராவளி’ என்று ஒரு பத்திரிகை நடத்தவும் திட்டம் போட்டார். படத்தால் அரசாங்கத்தைக் குத்தியவருக்குப் படத்தைக் கண்டு பயம் இருந்திருக்காது. அவர் எழுத்துகளை அரசாங்கம் 1949-ல் வாங்கி, பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்று மக்களுக்கே கொடுத்துவிட்டது. அதற்காகப் பாடுபட்டவர்கள் பலர். பாட்டைப் பொதுச் சொத்தாக்கிவிட்டு, முகத்தை மட்டும் மேடையில் மாலை போடுகிறவர்களுக்கு என்று ஒதுக்கி வைப்பது என்ன கணக்கு?

என் கோரிக்கை இதுதான். ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ ஒரு நூலகம், ஒரு சங்கக் கட்டடம், இல்லையென்றால் ஒரு கல்யாண மண்டபமானாலும் சரி, ஒரு வாரத்துக்கு இடம் கொடுத்தால் படங்களை மறுபடி மாட்டலாம். மாட்டுகிற வேலையும் பெயர்ப் பலகை எழுதுகிற வேலையும் என் பொறுப்பு, கூலி வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் கூட்டி வரட்டும். வருகிற வழியில் லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதியையும் காட்டினால் நல்லது, ராமநாதபுரத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கடிதம் எழுதிய பெரியவரும் கட்டாயம் வரவேண்டும், அவருக்கு முதல் நாற்காலி. முழுப் படங்களையும் நின்று பார்த்துவிட்டு, அப்போதும் இழுக்கு என்று தோன்றினால் அங்கேயே எழுந்து பேசட்டும், தம்பி பதில் சொல்வான், அவனுக்குப் பேசத் தெரியும்.

உங்கள் பத்திரிகையில் இரண்டு படமாவது போட முடியுமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். படங்கள் தம்பியிடம் இருக்கின்றன, நீங்கள் சொன்னால் அனுப்பச் சொல்கிறேன். போடுவதானால் வெட்டாமல் முழுசாகப் போடுங்கள். பாசிக்கார அக்காவின் படத்தைப் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும், அவர் சம்மதம் கொடுத்தது கண்காட்சிக்கு மட்டும்தான். நானே போய்க் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
படகுக்கு எழுத்து எழுதுகிற வாசகன்,
பாம்பன்.